ஹை பாயிண்ட் மலையில் ஒருசந்தி

போன வருடம் தவக்காலத்தில் நான் ஒருசந்தியோடு பனிமலை ஏறி, சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களையும் முழங்காலில் நின்று முடித்தேன் என்று நம்மவர்கள் மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது என் முகத்துக்கு நேரேயே சொல்கிறார்கள். என்னோடு வந்த லூசியா பத்தாம் ஸ்தலத்தில் பக்திப் பரவசத்தில் தன் கோட்டைத் திறந்துவிட்டார் என்றும் ஒரு கதை சேர்ந்திருக்கிறது. முதல் செய்தி பாதி உண்மை. இரண்டாவதில் உண்மையே இல்லை.

இந்த ஆண்டு மார்ச் 7, சனிக்கிழமை, அதே மலைக்குப் போக இருபத்து மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்லோரும் ஒருசந்தியோடு வருவதாகத் தீர்மானம். முன்னால் நடக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நம் மாத மடலின் ஆசிரியர் இடம் போதவில்லை என்று இதில் எதையும் வெட்டக்கூடாது. வெட்டுவதானால் வழி, நேரம், செலவு பற்றிய வரிகளை வெட்டட்டும்.

1986 பிப்ரவரி 22 என் கணவரின் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். அவர் இருந்தவரை தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை நாங்கள் ஏதாவதொரு குன்றில் சிலுவைப்பாதை செய்வது வழக்கம். எடிசனில் என் மகள் வீட்டைச் சுற்றி இருப்பதெல்லாம் கார் நிறுத்தும் இடங்கள்தான். மருமகனின் சாலை வரைபடத்தில் நியூஜெர்சியிலேயே உயரமான இடம் எது என்று தேடினேன். வடமேற்கு மூலையில் ஹை பாயிண்ட், 1803 அடி. நம் ஊர் மலைகளோடு ஒப்பிட்டால் குன்று என்றுதான் சொல்ல வேண்டும். உச்சியில் 220 அடி உயரத்தில், போரில் இறந்தவர்களுக்கான கல் தூபி ஒன்று இருக்கிறது. கார்ச் சாலை ஏறக்குறைய உச்சிவரை போகிறது. ஆனால் பனிக்காலத்தில் அதைக் கதவு போட்டு மூடிவிடுகிறார்கள். நடந்துதான் போக வேண்டும். எனக்கு வேண்டியதும் அதுதான்.

என்னோடு வர இருவர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் ஃபிரான்சிஸ், தூத்துக்குடிப் பையன், டெலிபோன் கம்பெனி ஒன்றில் இன்ஜினியர், இன்னும் மணமாகவில்லை. மற்றவர் லூசியா, வயது ஐம்பத்தொன்று, கவுன்டி அலுவலகத்தில் டைப்பிஸ்ட். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் என்னைக் கடைக்கு அழைத்துப்போய், கணுக்கால் மூடும் பூட்ஸ் எது, வெறும் அலங்கார பூட்ஸ் எது என்று காட்டிக்கொடுத்தவர் அவர்தான். என்னை அக்கா என்று கூப்பிடுவார்.

ஒருசந்தி என்றால் நாள் முழுவதற்கும் ஒரே வேளை உணவு. நாங்கள் மலையிலிருந்து இறங்கி வீடு திரும்பிய பிறகே அந்த ஒரு வேளை என்று விதித்தவள் நான். திருச்சபை தவக்காலச் சனிக்கிழமையில் நோன்பைக் கட்டாயமாக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயதைத் தாண்டியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் எந்த நாளிலும் கட்டாயமில்லை. கான்வென்டில் ஞானோபதேசத்தில் முதல் பரிசு வாங்கியவள் நான், இது எனக்குத் தெரியாததல்ல. எனக்கு அப்போது அறுபத்தெட்டு. திருச்சபை விட்டுக்கொடுத்ததை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

முந்தைய வியாழக்கிழமை லூசியா போனில் கூப்பிட்டார். அந்தப் பேச்சு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது.

“அக்கா, சனிக்கிழமை காலைல நான் ரெண்டே ரெண்டு இட்லி மட்டும் சாப்பிட்டுட்டு வரட்டுமா?”

“எதுக்கு?”

“எனக்குத்தான் சுகர் இருக்கே அக்கா. ஊசி போட்டுக்கிறேன்ல.”

“லூசியா, இட்லி சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கிட்டுச் சிலுவைப்பாதை செய்யணும்னா, நீ கார்லயே ஹீட்டரைப் போட்டுக்கிட்டு உக்காந்து செபமாலை சொல்லு. நாங்க மேல போயிட்டு வர்றோம்.”

“சரிக்கா, நானும் ஒருசந்தியே பிடிக்கிறேன்” என்றார். மறுபேச்சு இல்லாமல் கீழ்ப்படிந்ததற்காக எனக்கு அவர்மேல் மதிப்புக்கூட வந்தது. ஊசி என்றால் என்ன, அதைப் போட்டபின் உண்ணாவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை 6.40-க்கு எடிசனிலிருந்து ஃபிரான்சிஸின் காரில் புறப்பட்டோம். 287-இல் வடக்கே, 80-இல் மேற்கே, பிறகு 15-ஆம் எண் சாலையில் ஏறி, சசெக்ஸ் ஊர் வழியாக 23-ஐப் பிடிக்க வேண்டும். மொத்தம் 76 மைல். இந்த வழியில் சுங்கம் எங்குமில்லை. போக வர பெட்ரோல் ஏழு டாலருக்குள் அடங்கியது. வழியில் ஃபிரான்சிஸ் ஒரு கடையில் நிறுத்திக் காகிதப் பெட்டி ஒன்றோடு திரும்பினார்.

“இது என்ன?” என்றேன்.

“டோநட் ஆன்ட்டி. அரை டஜன். இறங்கி வந்த பிறகு சாப்பிடத்தான்.”

“அப்ப டிக்கில வை. கண்ணு முன்னால வேண்டாம்.”

“ஒருசந்தியோட கார் ஓட்டலாமான்னு டி.எம்.வி. ஆபீஸ்ல கேட்டிருக்கணும் ஆன்ட்டி. லைசன்ஸ் புத்தகத்துல அதப் பத்தி ஒண்ணுமே இல்ல.”

பின் இருக்கையில் லூசியா சிரித்தார். “நீ கண்ண மூடாம ஓட்டு தம்பி, புண்ணியம் தானா வரும்” என்றார். அன்று அவர் தெளிவாகப் பேசிய கடைசிப் பேச்சுகளில் அது ஒன்று.

8.55-க்கு 23-ஆம் சாலை ஓரத்தில் பூங்கா அலுவலகத்துக்கு முன்னால் காரை நிறுத்தினோம். நுழைவுக் கட்டணம் யாரும் கேட்கவில்லை. வாசலில் தொங்கிய வெப்பமானி 19 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது, உறைநிலைக்கும் கீழே. வானம் தெளிவு, காற்று வடமேற்கிலிருந்து. சாலைக் கதவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனால் பனி கெண்டைக்கால் வரை. முன்பே யாரோ பனிச்சறுக்குக் கட்டைகளில் போன இரட்டைக் கோடு இருந்ததால் வழி தவற வாய்ப்பில்லை. அங்கிருந்து தூபிவரை ஒன்றே முக்கால் மைல்.

9.20-க்குக் கதவருகே முதல் ஸ்தலம். ஃபிரான்சிஸ் ஓர் அடி நீளச் சிலுவையைப் பிடித்துக்கொள்ள, நான் புத்தகம் வாசித்தேன். ஸ்தலத்துக்கு ஸ்தலம் முந்நூறு எட்டு என்று கணக்கு வைத்திருந்தேன். எண்ணியபடி நடந்து, நின்று, பனியை மிதித்துத் தளமாக்கி, முழங்காலில் நின்றோம். இடப்பக்கம் ஏரி முழுவதும் உறைந்து வெள்ளைத் தரையாகக் கிடந்தது. ஓக் மரங்களில் உதிராத பழுப்பு இலைகள் காற்றில் உரசும் ஓசையைத் தவிர வேறு சத்தம் இல்லை. அவ்வளவு அமைதியான செபம் எனக்கு இந்த நாட்டில் அதற்குமுன் கிடைத்ததில்லை. இதையும் உண்மை என்பதால் எழுதுகிறேன்.

ஏழாம் ஸ்தலத்தில் லூசியா பதில் சொல்ல மறந்தார். எட்டாவதில் பாதி பதிலோடு நிறுத்தி, மெல்லச் சிரித்தார்.

“என்ன சிரிப்பு?” என்றேன்.

“ஒண்ணுமில்லக்கா. புத்தகத்துல எழுத்தெல்லாம் ஓடுது.”

“புத்தகம் என் கைல இருக்கு. உனக்கு எங்க ஓடுது? செபத்துல கவனம் வை.”

ஒன்பதாவதில் எழுந்திருக்க அவருக்கு ஃபிரான்சிஸ் கைகொடுக்க வேண்டியிருந்தது. முகம் முழுக்க வியர்வை. 19 டிகிரிக் குளிரில் வியர்ப்பது ஏன் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

பத்தாம் ஸ்தலம், நம் ஆண்டவருடைய ஆடைகளைக் களைந்த ஸ்தலம். சாலை வலப்பக்கம் வளைகிற இடத்தில், இருக்கை உயரத்தில் ஒரு பாறை இருக்கிறது. அங்கே நான் வாசித்துக்கொண்டிருக்கும்போது லூசியா கையுறைகளை உருவிப் போட்டார். பிறகு கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மார்பைக் காற்றுக்குத் திறந்துகொண்டு நின்றார். கண்கள் எங்களைப் பார்க்கவில்லை. ஃபிரான்சிஸ் அப்படியே தலை குனிந்துகொண்டார். அவர் அதைப் பக்தி என்று நினைத்தார். பரவசக் கதை பிறந்தது அந்த நிமிடத்தில்தான்.

நானும் பக்தி என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்குத் தலை குனியவில்லை. என் கணவரின் நினைவு நாளில், நான் ஏற்பாடு செய்த சிலுவைப்பாதையில், இவள் என்னை மிஞ்சிக் காட்டுகிறாள் என்று கோபம் வந்தது. வேறு சொல்லில் இதை மூடி எழுத முடியும். மூடுவதற்காக இந்தக் கட்டுரையை எழுத உட்காரவில்லை.

“கோட்டை மாட்டு” என்றேன்.

“சுடுதுக்கா. நீங்க போங்க. நான் இங்கயே இருக்கேன்” என்று பாறையில் உட்கார்ந்தார். நாக்கு குழறியது.

“ஆன்ட்டி, அவங்க ஒரு மாதிரி இருக்காங்க. நான் கூட இருக்கட்டுமா?” என்றார் ஃபிரான்சிஸ்.

“சிலுவையை யார் பிடிக்கிறது? இருக்கட்டும். கொஞ்ச நேரம் தனியா செபம் பண்ணட்டும். திரும்பி வரும்போது கூட்டிக்கலாம்.”

கோட்டின் இரண்டு பொத்தான்களை நானே போட்டுவிட்டேன். கையுறைகளை எடுத்து மடியில் வைத்தேன், கையில் மாட்டிவிடவில்லை. அப்போது மணி 10.50.

கடைசி ஏற்றம் செங்குத்து, சுமார் இருபது நிமிடம். வழியில் பதினோராம் ஸ்தலத்தை முடித்துக்கொண்டு, 11.20-க்குத் தூபியின் அடியில் நின்றோம். மேற்கே பென்சில்வேனியாவின் மலைவரிசை, வடக்கே நியூயார்க் மாநிலம், இடையில் டெலவேர் ஆறு வளைந்து போவது தெரிந்தது. எல்லாம் வெள்ளை, ஆறு மட்டும் கறுப்பு. ஃபிரான்சிஸ் காட்சியைப் பார்க்கவில்லை. வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆன்ட்டி, ஓடிப்போய்ப் பாத்துட்டு வந்துடட்டுமா? பத்து நிமிஷம்.”

“பதினாலும் முடியட்டும்.”

முடித்தேன். மீதி மூன்று ஸ்தலங்களையும் ஒரு சொல்லும் விடாமல் வாசித்தேன். பிறகு என் கணவருக்காகத் தனியாக ஐந்து பத்து நிமிடம். 11.45-க்கு இறங்கினோம்.

12.05-க்குப் பாறைக்கு வந்தபோது லூசியா அங்கே இல்லை. கையுறைகள் பனியில் கிடந்தன. காலடித் தடம் சாலையை விட்டு, மரங்களுக்கிடையே ஏரிப் பக்கம் கோணல்மாணலாக இறங்கியது. ஃபிரான்சிஸ், “லூசியாக்கா!” என்று கத்திக்கொண்டே ஓடினார். கீழேயிருந்து ஓர் ஆண் குரல் பதில் கொடுத்தது.

சறுக்குக் கட்டைகளோடு வந்த, நரைத்த தாடிக்காரர் ஒருவர், லூசியாவைத் தன் தொடைமேல் சாய்த்து வைத்திருந்தார். லூசியாவின் கோட் மறுபடி திறந்து கிடந்தது. வலது கை பனிக்குள் புதைந்திருந்ததை அப்போதுதான் அவர் வெளியே எடுத்திருந்தார் போலும், மெழுகு நிறத்தில் இருந்தது. கண் பாதி திறந்திருந்தது, யாரையும் அடையாளம் தெரியவில்லை.

“சர்க்கரை நோய் உண்டா?” என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமென்றேன். “இனிப்பாக ஏதாவது கொடுங்கள், உடனே.” எங்கள் மூவரிடமும் ஒரு மிட்டாய்கூட இல்லை. டோநட் பெட்டி ஒன்றேகால் மைல் தள்ளி டிக்கியில் இருந்தது. அவர் தன் பையிலிருந்து பிளாஸ்கை எடுத்து, இனிப்பான கோக்கோவை விரலில் தொட்டு ஈறில் தடவினார். லூசியா விழுங்குகிறார் என்று தெரிந்தபின் மூடியால் சொட்டுச் சொட்டாக ஊற்றினார்.

“கடைசியாக எப்போது சாப்பிட்டார்?”

“நேற்றிரவு ஏழரை மணிக்கு இருக்கலாம்” என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னையும் என் கையிலிருந்த புத்தகத்தையும் பார்த்தார். “அதை யார் முடிவு செய்தது?”

“நாங்க எல்லாரும் சேர்ந்துதான், சார்” என்றார் ஃபிரான்சிஸ்.

பிறர் பேச்சில் ஒரு சொல் தவறினாலும் நான் திருத்துவேன் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று திருத்தவில்லை.

ஃபிரான்சிஸ் பூங்கா அலுவலகத்துக்கு ஓடினார். முக்கால் மணி நேரத்தில் இரண்டு பேர் இழுவைப் பலகையோடு வந்தார்கள். அதற்குள் லூசியாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. முதலில் கேட்டது, “முடிஞ்சிடுச்சாக்கா? பதினாலும்?” முடிந்தது என்றேன். “நான்தான் கெடுத்துட்டேன்” என்றார். அதையும் நான் திருத்தவில்லை.

உயிர் பிழைத்தார். ஆனால் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் உறைந்து கறுத்துவிட்டன. காத்திருந்து பார்த்து, ஏழு வாரம் கழித்து இரண்டிலும் நுனியை எடுத்தார்கள். இருபத்திரண்டு வருடம் டைப் அடித்த கை. இப்போது அதே அலுவலகத்தில் கோப்புகளை அடுக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்தது தன் அஜாக்கிரதை என்றே அவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். வியாழக்கிழமை போன் பேச்சை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை யாரும் மெச்சியிருக்க மாட்டீர்கள்.

நான் மருத்துவமனைக்கு இரண்டு முறை போனேன். ஆரஞ்சுப் பழம் கொண்டுபோனேன். நலம் விசாரித்தேன். மன்னிப்புக் கேட்கவில்லை. பிறகு போன் செய்தால் அவர் மகள் எடுத்து, “மாம் இஸ் ரெஸ்டிங், ஆன்ட்டி” என்பாள். பகல் பதினொரு மணிக்கும் அதே பதில்தான். ஆகஸ்டு முதல் நான் போன் செய்வதை நிறுத்திவிட்டேன்.

இனி, போகப்போகிறவர்களுக்கு. புறப்படுமுன் வயிறாரச் சாப்பிடுங்கள். மலைமேல் நோன்பு வேண்டாம். நோன்பு பிடிக்க விரும்புகிறவர்கள் வீட்டில் கணப்புப் பக்கத்தில் உட்கார்ந்து பிடிக்கலாம், அதற்கும் பலன் உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தம், கர்ப்பம் எதையும் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். கேட்கிறவரும் கேலி செய்யாதீர்கள். ஆளுக்கொரு பிளாஸ்கில் சூடாக இனிப்புப் பானம், கோட் பையில் மிட்டாய் இருக்கட்டும், காரில் இருந்தால் பயனில்லை. குளிரில் ஒருவருக்கு வியர்த்தால், காரணமில்லாமல் சிரித்தால், பேச்சு குழறினால், கோட்டைக் கழற்றினால், செபத்தை அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டு அவரைக் கவனியுங்கள். இருவர் இருவராக நடங்கள், யாரையும் பாறையில் உட்காரவைத்துவிட்டுப் போகாதீர்கள். மேலே காற்று அதிகம் என்பதால் உச்சியில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டாம். அவசரத்துக்கு உதவி கேட்கப் பூங்கா அலுவலகம்தான் அருகில், உச்சியிலிருந்து பெரியவர்களுக்கு இறங்க முக்கால் மணி நேரம் பிடிக்கும். பதினான்கு ஸ்தலமும் முடியாவிட்டால் ஆண்டவர் கணக்குக் கேட்கமாட்டார். இதை அறுபத்தொன்பது வயதில் தெரிந்துகொண்டேன்.

முன்னால் நடக்க என்னை அழைத்தவர்களுக்கு நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அதைச் சொல்லும் உரிமை எனக்கில்லை என்று நினைக்கிறேன்.

லூசியா, நீ இந்த மடலை வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ எதையும் கெடுக்கவில்லை. இட்லி வேண்டாம் என்றவள் நான். உன்னைத் தனியே விட்டுப் போனவளும் நான். உன் வலது கைக்கு நேர்ந்தது என்னால் நேர்ந்தது. இதை உன்னிடம் நேரில் சொல்லாமல் ஒரு வருடம் கடத்தியதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். மார்ச் 7 அன்று நான் அந்த மலைக்கு வரலாமா, வரக்கூடாதா என்பதை நீ சொல். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், காரணம் தேவையில்லை. போனில் சொல்ல வேண்டாம், மகளிடம் சொல்லியனுப்பவும் வேண்டாம். பிப்ரவரி 28-க்குள் ஒரு வரி எழுதிப் போடு.